முப்பத்தொன்றாம் கட்டத்து நாற்பது மரங்கள்

மேடையில் வீற்றிருக்கும் வனக்குழுத் தலைவர் அவர்களே! பள்ளித் தலைமையாசிரியை அவர்களே! நம் மருத்துவமனை டாக்டர் அவர்களே! கார்பன் கம்பெனியிலிருந்து வந்திருக்கும் களப்பொறுப்பாளர் அவர்களே! அன்றாட வேலையைப் போட்டுவிட்டு வந்து இந்தக் கூடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் ஏழு ஊர் மக்களே! இடம் கிடைக்காமல் ஜன்னலுக்கு வெளியே நிற்பவர்களே! முன்வரிசையில் இருக்கும் அக்காவின் கணவரே, அக்காவின் மகளே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நான் மேடைப் பேச்சாளன் அல்ல. பத்தொன்பது வருடமாக இந்த வனக்குழுவின் செயலாளராக இருக்கிறேன். என் பிழைப்பு எழுதுவது. அதனால்தான் அக்கா எனக்குப் 'பேனா' என்று பெயர் வைத்தார். இன்றைக்கு என் சொந்தப் பெயரைச் சொல்லி வீடு விசாரித்தால் எங்கள் தெருவிலேயே யாருக்கும் தெரியாது.

நம்மைவிட்டுப் பிரிந்த வனக்குழுவின் தலைமை அளவர், நாம் எல்லோரும் 'அளவக்கா' என்று அழைத்தவர், அந்தப் படத்தில் சிரிக்காமல் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். படம் எடுத்தபோது சிரிக்கச் சொன்னோம். "எதுக்கு? அடையாள அட்டைக்குத்தானே, கல்யாணத்துக்கா?" என்று கேட்டார். அந்த ஒரு படம்தான் நம்மிடம் இருக்கிறது.

அன்பர்களே! பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் அந்த மலைச்சரிவு எப்படி இருந்தது? இங்கே இருக்கும் பாதிப் பேருக்கு நினைவிருக்கும். மொட்டைத் தலை மாதிரி இருந்தது. அங்கே மரம் நட்டு வளர்த்தால் காசு தருவார்கள் என்று முதல் கூட்டத்தில் சொன்னபோது சிரிக்காதவர் யார்? "காத்தை விக்கப் போறாங்களாம்டா!" என்று டீக்கடையில் ஒரு மாதம் பேச்சு. அன்றைக்கு எழுந்து நின்று விளக்கியவர் நம் அக்கா.

"இதுல சிரிக்க என்ன இருக்கு? மரம் காத்துல இருக்கற கரியைத் தின்னு வளருது. எவ்வளவு தின்னிருக்குன்னு நாம அளந்து சொல்றோம். எங்கயோ புகை விடறவன் அதுக்குக் காசு கட்டறான். அதுக்குப் பேரு கார்பன் கிரெடிட்டு. அவ்வளவுதான்."

பின்னாலிருந்து ஒருவர் விடவில்லை. "அப்ப அவன் காசைக் கட்டிட்டுப் புகையை விட்டுக்கிட்டே இருப்பானா?"

"விடுவான். அதனாலதான் சொல்றேன், நாம பொய் சொல்லக் கூடாது. அவன் புகையும் நம்ம பொய்யும் சேந்தா, நம்ம பிள்ளைங்க எந்தக் காத்துல மூச்சு விடும்?"

அன்றைக்கு அந்தப் பதிலுக்குக் கைதட்டியவர்களில் நானும் ஒருவன். பலமாகத் தட்டினேன்.

அந்தக் காசில்தான் பள்ளிக்கூடத்துக்குக் குடிநீர்க் குழாய் வந்தது. பக்கத்தில் இருக்கும் ஆறு படுக்கை மருத்துவமனை வந்தது. அக்காவின் மகள் இன்று அங்கேதான் நர்ஸாக வேலை பார்க்கிறார். உங்களில் எத்தனை பேருடைய பிள்ளைகள் அந்தச் சுவர்களுக்குள் பிறந்தார்கள்? எத்தனை பேருடைய அப்பா அம்மா அங்கே பிழைத்து எழுந்தார்கள்? இவை எல்லாவற்றுக்கும் அடியில் என்ன இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? ஒரு பெண்மணி வருடத்துக்கு மூன்று மாதம் மலை ஏறி, ஒவ்வொரு மரமாகக் கட்டிப்பிடித்து டேப் சுற்றிச் சொன்ன எண்கள்!

அவர் வேலை செய்யும் முறையை, பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். காடு முழுவதையும் அளக்க முடியாது. அதனால் ஐம்பத்திரண்டு இடங்களில் கட்டம் போட்டு வைத்திருக்கிறோம். ஒரு கட்டத்துக்கு நாற்பது மரம். அந்த நாற்பதும் எப்படியோ, அந்தச் சரிவு முழுவதும் அப்படியே என்று கணக்கு. மரம் இலை உதிர்த்து நிற்கும் காலத்தில்தான் போவோம், புதர் குறைவாக இருக்கும். அக்கா முதலில் விரலை மடக்கி மரத்தைத் தட்டுவார், மூன்று தட்டு. "உசுரு இருக்கற மரம் சத்தத்தை உள்ள வாங்கிக்கும். செத்த மரம் திருப்பிக் குடுத்துடும்" என்பார். பிறகு டேப்பைச் சுற்றி எண்ணைக் கூப்பிடுவார். நான் அதே எண்ணைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டும். போன வருடத் தாள் எப்போதும் கையில் இருக்கும். போன வருடத்தைவிட எண் குறைந்தால், மரம் சுருங்காதே, நாம்தான் தப்பாக அளந்திருப்போம் என்று அதே மரத்தை மூன்று தடவை அளக்க வேண்டும். இந்த விதிகளை வகுத்தவர் அக்கா.

ஒருமுறை சரிபார்ப்புக்கு ஒரு அதிகாரி வந்தார். ஆறடிக்கு மேல் உயரம். நெஞ்சு உயரத்தில் அளக்க வேண்டும் என்று தன் நெஞ்சுக்கு நேராக டேப்பைப் பிடித்தார். நம் அக்கா அவர் இடுப்பைத் தாண்டிக் கொஞ்சம்தான் இருப்பார். "சார், உங்க நெஞ்சும் என் நெஞ்சும் ஒரே உயரமா? மரம் யாரை நம்பும்?" என்று கேட்டு, சரியாக நூற்று முப்பது சென்டிமீட்டருக்கு வெட்டி வைத்த குச்சியை நீட்டினார். அந்த அதிகாரி போகும்போது அதே மாதிரி ஒரு குச்சி வெட்டி வாங்கிக்கொண்டு போனார்.

இன்னொன்று சொல்கிறேன். மூன்றாவது வரிசையில் அக்காவின் அண்ணன் இருக்கிறார். அண்ணே, மன்னிக்க வேண்டும். வீட்டுக் கூரைக்காக ஒன்பதாம் கட்டத்தில் எட்டு மரத்தை வெட்டிவிட்டார். யாருக்கும் தெரியாது. எங்கள் குழுவில் எல்லோரும் "விடுங்கக்கா, எட்டு மரம்தானே" என்றோம். அக்கா என்னிடம் எண்ணைக் கூப்பிடுவது போலவே கூப்பிட்டார். "பதினொண்ணுல இருந்து பதினெட்டு வரைக்கும், வெட்டப்பட்டது. வெட்டியவர், அளவரின் அண்ணன். எழுது பேனா." இரண்டு வருடம் அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. இப்போது அந்த அண்ணன் அழுதுகொண்டிருக்கிறார். அவரைப் பார்த்துத்தான் எனக்கு இன்று பேசத் துணிவு வந்தது.

ஏனென்றால், அன்பர்களே, நான் இந்த மேடைக்கு அக்காவைப் புகழ மட்டும் வரவில்லை.

அக்கா போய்ப் பதினொரு நாள் ஆகிறது. பதினொரு நாளாக எனக்கு ஒரு எண் கேட்கிறது. தொண்ணூற்று இரண்டு புள்ளி ஒன்று. சாப்பிட உட்கார்ந்தால் கேட்கிறது. அலுவலகத்தில் ஃபைலைத் திறந்தால் கேட்கிறது. பஸ்ஸில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, காதோரம், அக்கா குரலில். பழக்க தோஷம், வாய் திறந்து திருப்பிச் சொல்லிவிடுகிறேன். "யாருக்குப் பதில் சொல்றீங்க?" என்று என் மனைவி கேட்கிறாள். எந்தப் பொருளைத் தொட்டாலும் முதலில் தட்டிப் பார்க்கிறேன். கதவு, கட்டில், நாற்காலி, எல்லாம். இந்த மேடைக்கு வந்ததும் மைக்கைப் பிடிக்காமல் மேசையைத் தட்டினேனே, கவனித்தீர்களா? அது எனக்குத் தெரியாமலே நடந்தது. எதைத் தட்டினாலும் சத்தம் திரும்பி வருகிறது.

அக்கா எப்படி இறந்தார் என்று உங்களுக்குச் சொல்லப்பட்டது என்ன? முப்பத்தொன்றாம் கட்டத்தில் அளந்துகொண்டிருந்தபோது, காற்றில் ஒரு கிளை முறிந்து தலையில் விழுந்தது. நன்றாக இருந்த மரம், எதிர்பாராத விபத்து. ஊர் முழுக்க இதைத்தான் பேசுகிறது. சிலர் இன்னும் கொஞ்சம் சேர்த்துப் பேசுகிறீர்கள். "வயசாயிடுச்சு, பாத்து நின்னிருக்கணும்", "ஹெல்மெட் போட்டிருக்கணும்" என்று. கம்பெனியும் ஒரு அறிக்கை தயாரித்திருக்கிறது. களப்பொறுப்பாளர் பையில் அது இருக்கிறது. என் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது. காரணம் என்ற இடத்தில், 'அளவரின் கவனக்குறைவு' என்று இருக்கிறது. போன வருடம் அந்தக் கட்டத்தை அளந்தவரே அவர்தான், ஆகவே அந்த மரங்களின் நிலை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று அதில் விளக்கம் வேறு.

போன வருடம் அந்தக் கட்டத்தை அக்கா அளக்கவில்லை. யாரும் அளக்கவில்லை!

மற்ற ஐம்பத்தொன்றும் முடிந்திருந்தன. மகளுக்குப் பிரசவத்தில் சிக்கல், பெரிய ஆஸ்பத்திரி வேண்டும் என்று அக்கா நகரத்துக்குப் போயிருந்தார். "முப்பத்தொண்ணு ஒண்ணுதான் பாக்கி. தையல்காரியைக் கூட்டிக்கிட்டு நீயே முடிச்சுடு பேனா" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்களோடு களத்துக்கு வரும் தையல்காரியை உங்களுக்குத் தெரியும். அந்தக் கட்டத்துக்கு இரண்டரை மணி நேரம் செங்குத்தாக ஏற வேண்டும். எனக்கு முட்டி வீங்கியிருந்தது. நாளைக்குப் போகலாம் என்றேன். நாளைக்கும் நாளைக்குப் போகலாம் என்றேன். படிவம் அனுப்பக் கடைசி நாள் வந்துவிட்டது.

காலை பதினோரு மணி. அலுவலக மேசை. தலைக்கு மேல் ஃபேன். முந்தைய வருட எண்களை எடுத்து வைத்துக்கொண்டேன். ஒரு மரத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கூட்டினேன். அடுத்ததற்கு ஒன்றரை. அடுத்ததற்கு முக்கால். டீ ஆறுவதற்குள் நாற்பது மரமும் வளர்ந்துவிட்டன. இரண்டு மரத்துக்கு மட்டும் எதுவும் கூட்டவில்லை. எல்லாமே வளர்ந்தால் சந்தேகம் வருமே! அந்த இரண்டு மரத்துக்கு நான் யோசித்த யோசனை இருக்கிறதே, அதை நினைத்தால்தான் எனக்கு என்னைப் பிடிக்காமல் போகிறது. படிவத்தில் 'அளந்தவர்' என்ற இடத்தில் அக்காவின் பெயரை எழுதினேன். எழுதியவர், நான். தையல்காரியிடம், வேறு ஆளைக் கூட்டிப்போய் முடித்துவிட்டேன் என்றேன்.

அக்கா திரும்பி வந்ததும் கேட்டார். "முப்பத்தொண்ணு?"

"முடிஞ்சுதுக்கா."

ஆறடி அதிகாரியைக் குறுக்குக் கேள்வி கேட்டவர், கூடப் பிறந்த அண்ணன் என்றும் பார்க்காதவர், என்னிடம் அடுத்த கேள்வி கேட்கவில்லை. பேரனின் போட்டோவைக் காட்டினார்.

இந்த வருடம் என் முட்டி மோசமாகி, மலைக்குப் போக வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா தையல்காரியோடு போனார். நான் எழுதிய போன வருடத் தாளும் கூடப் போனது. அங்கே என்ன நடந்தது என்று தையல்காரி எனக்கு மட்டும் சொன்னார். அவர் அனுமதியோடு உங்களுக்குச் சொல்கிறேன்.

ஐந்தாவது மரத்தைத் தட்டியதும் அக்கா நின்றுவிட்டாராம். "சத்தம் சரியில்லையே. தாள்ல எப்படி இருக்கு?"

"நல்லா வளந்திருக்குக்கா. ஒன்றரை."

"யாரு எழுத்து?"

"பேனா அண்ணன் எழுத்துதான்."

"அப்ப சரியாத்தான் இருக்கும். எனக்குத்தான் காது மந்தமாயிடுச்சு போல, அறுபத்தொண்ணு ஆச்சுல்ல" என்று சிரித்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போயிருக்கிறார்.

கேட்டீர்களா? அவர் காது சரியாகத்தான் இருந்தது! என் எழுத்தை நம்பித் தன் காதைச் சந்தேகப்பட்டார்!

அடுத்து வந்த மரங்களிலும் எண் குறைய, ஒவ்வொன்றையும் மூன்று தடவை அளந்திருக்கிறார். பதினேழாவது மரம். தாளில் தொண்ணூற்று நான்கு புள்ளி இரண்டு. அக்கா டேப்பைச் சுற்றிக் கூப்பிட்டார். தொண்ணூற்று இரண்டு புள்ளி ஒன்று. எண் குறைகிறது. விதிப்படி மறுபடி அளந்தார். தொண்ணூற்று இரண்டு புள்ளி ஒன்று. "குச்சி வழுக்கியிருக்கும்" என்று குச்சியைச் சரியாக நட்டு, மரத்தோடு ஒட்டி நின்று, மூன்றாவது தடவை டேப்பை இழுத்தார். அந்த எண்ணையும் கூப்பிட்டு முடித்தார். தையல்காரி திருப்பிச் சொல்வதற்குள் கிளை விழுந்தது.

என் பொய்க்கு அந்த மரம் பொருந்தவில்லை. பொருந்த வைக்கத்தான் அக்கா அதன் அடியில் அவ்வளவு நேரம் நின்றார்.

நான்காம் நாள் நான் அங்கே போனேன். இந்த முட்டியோடுதான் போனேன். போக முடியாது என்று சொன்ன அதே முட்டிதான், அது ஏறியது. இலையில்லாத காலத்தில் செத்த மரமும் உயிருள்ள மரமும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். அக்காவைத் தூக்கி வந்தவர்களுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. நான் நாற்பதையும் தட்டினேன். பட்டையைக் கத்தியால் கீறிப் பார்த்தேன். முப்பத்தாறு மரம் செத்திருக்கிறது. உள்ளே புழு குடைந்து தூளாக்கி வைத்திருக்கிறது. இது ஒரு வருடத்து வேலை கிடையாது. நான் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து வளர்த்தபோதே அவை செத்துக்கொண்டிருந்தன. அன்றைக்குப் போயிருந்தால், இரண்டு மரத்தைத் தட்டியிருந்தால் தெரிந்திருக்கும். சிவப்பு வட்டம் போட்டுக் கயிறு கட்டி, யாரும் நுழையக் கூடாது என்று மூடியிருப்போம். அந்தக் கயிறு இல்லாத இடத்தில் அக்கா நுழைந்தார்.

பகல் வெளிச்சத்தில் அந்த நாற்பது மரத்துக்கு நடுவே நின்றேன். எனக்குப் பயமாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், பயமாக இருந்தது. நான் நேரில் பார்க்காமல் எண் கொடுத்து வளர்த்ததெல்லாம் என்னைச் சுற்றி நின்றது. ஒரு பறவைகூட இல்லை. பதினேழாவது மரத்தின் எண் பொறித்த தகரத் துண்டு மட்டும் ஆணியில் ஆடிக்கொண்டிருந்தது.

தலைவர் என் சட்டையைப் பிடித்து இழுக்கிறார். இன்று காலையில்தான் அவரிடம் சொன்னேன். "இன்னைக்கு வேண்டாம் பேனா, சான்றிதழை நிறுத்திடுவாங்க, ஆஸ்பத்திரி என்ன ஆகும்?" என்றார். நியாயமான கேள்வி. அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் தலைவரே, அந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பெண் முந்தாநாள் என் வீட்டுக்கு வந்து கேட்டாள். "மாமா, அம்மா அவ்வளவு கவனமில்லாமலா இருந்தாங்க?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எல்லாம் விதிம்மா" என்றேன். அவள் கையில் குழந்தை. நான் அந்தக் குழந்தையின் கன்னத்தைத் தட்டிக் கொடுத்து அனுப்பினேன்.

பின்வரிசையில் யாரோ "உட்காருய்யா" என்கிறீர்கள். உட்காருகிறேன். முடித்துவிட்டு உட்காருகிறேன்.

களப்பொறுப்பாளர் அவர்களே, அந்த அறிக்கையில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். நடந்ததை நடந்தபடி நான் எழுதிய நான்கு பக்கம் இதோ இருக்கிறது. உங்கள் மேலதிகாரியிடம் கொடுங்கள். கிரெடிட்டை நிறுத்துவீர்களோ, திரும்பக் கேட்பீர்களோ, என்னைச் சட்டத்தின் முன் நிறுத்துவீர்களோ, எனக்குத் தெரியாது. ஏழு ஊரும் இதனால் நஷ்டப்படலாம். அதற்கு நான் என்ன சொல்லி உங்கள் முகத்தைப் பார்ப்பேன் என்றும் தெரியவில்லை. ஆனால் கவனக்குறைவு என்ற சொல்லை அந்த அம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் யாரும் எழுத விடமாட்டேன்.

இரங்கல் கூட்டத்தில் உறுதிமொழி எடுக்க வேண்டும். எடுக்கிறேன். செயலாளர் பதவியை இந்த நிமிடமே விடுகிறேன். அக்கா விட்ட வேலை நிற்காது. திங்கட்கிழமையிலிருந்து ஐம்பத்திரண்டு கட்டமும் முதலிலிருந்து அளக்கப்படும். தையல்காரி எண்ணைக் கூப்பிடுவார். யார் எழுதுவது என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். நான் கயிறும் சிவப்புப் பெயிண்டும் தூக்கிக்கொண்டு முன்னால் போகிறேன். எனக்கு முன்னால் யாரும் ஒரு மரத்தடியிலும் நிற்கக் கூடாது. அதற்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. அனைவரும் எழுந்து இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி என்று நிகழ்ச்சி நிரலில் அச்சடித்திருக்கிறது. அதையும் எழுதியவன் நான்தான். தயவுசெய்து அதை அடித்துவிடுங்கள். பதினொரு நாள் நான் ஒருவனே மௌனமாக இருந்தது போதும். யாரும் எழ வேண்டாம், யாரும் பேசாமலும் இருக்க வேண்டாம். திட்ட வேண்டியவர்கள் திட்டுங்கள். கேட்க வேண்டியவர்கள் கேளுங்கள். கேட்டு முடிக்கும்வரை இங்கேயே நிற்கிறேன்.

முதலில் நீ கேளம்மா.